கேள்வி நேரம் யாருடைய நேரம்?

(பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆணை என்ற சொல்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆணையிடுவோர் மேலே, அடங்கி நடப்போர் கீழே! ஆண்டாண்டுக் காலமாக நாடு கண்ட ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை நாளொன்றுக்கு ஒரே ஒரு மணி நேரம் தலைகீழாக்கிக் காட்டும் இடம் ஒன்று உண்டு. அங்கே மக்கள் அனுப்பிய உறுப்பினர் கேட்பார். ஆணையிடும் அமைச்சர் எழுந்து நின்று விடை கூறியாக வேண்டும். கேள்வி நேரம் என்று அதற்குப் பெயர்.

அவையில் நடப்பதை நாம் நாள்தோறும் பத்திரிகையில் படிக்கிறோம். வெளிநடப்புச் செய்தவர் எவர், மேசையைத் தட்டியவர் எவர், யார் யாரை மடக்கினார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால், "உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி உங்கள் உறுப்பினர் என்ன கேட்டார்? அமைச்சர் என்ன விடை தந்தார்? தந்த விடை பிறகு என்னவாயிற்று?" என்று எவரேனும் வினவினால் விழிக்கிறோம். இந்த மூன்றினுள் மூன்றாவதை மறந்துவிடும் மக்களுக்கு முதலிரண்டாலும் பயனில்லை என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

கேள்வி கேட்கும் உரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. வெள்ளையர் ஆட்சியில், 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின்கீழ்தான் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்க முதன்முதலாக இடம் கிடைத்தது. கேட்கலாம், ஆனால், வந்த விடையின்மேல் இன்னொரு கேள்வி கேட்கலாகாது! 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வந்தபோது, முதற்கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று கதவு சிறிது திறந்தது. மற்ற உறுப்பினர்களும் துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வந்தது. முதற்கேள்வி உரிமைக்கும் எல்லா உறுப்பினர்க்குமான துணைக் கேள்வி உரிமைக்கும் இடையே ஏறத்தாழ 27 ஆண்டுகள்! பீரங்கியும் கப்பற்படையும் வைத்திருந்த பேரரசு எதைக் கண்டு அஞ்சிற்று என்பதை இதிலிருந்தே அறியலாம்.

அந்த உரிமையின்கீழ் 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் எழுந்த முதல் கேள்வி எதைப் பற்றியது தெரியுமா? போரைப் பற்றியதன்று, பொக்கிஷத்தைப் பற்றியதன்று. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்கு உணவுப் பண்டங்கள் கொடுத்துக் கொடுத்துக் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் அல்லலைப் பற்றியது. கேட்டவர் பிங்கா மன்னர். மாளிகைவாசிதான், என்றாலும் மளிகைக் கடைக்காரரின் குறைதான் அந்த மன்றத்தில் முதற்கேள்வியாக ஒலித்தது. ஊர்க் குறையைக் கேட்பது சிறுமை என்று எண்ணும் உறுப்பினர் எவரேனும் இருந்தால் இந்த வரலாற்றை அவர் காதில் போட்டு வையுங்கள்.

இன்று நடைமுறை எப்படி இருக்கிறது? மக்களவையில் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே உறுப்பினர் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். வந்து குவியும் கேள்விகளில் முன்னுரிமை குலுக்கலால் முடிவாகிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடை தருவார். அதன்மேல் துணைக் கேள்வி எழலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் விடை வரும், அத்தோடு சரி. நாளொன்றுக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, குறியில்லாதவை 230. அந்த 20-இலும் நேரம் முடிவதற்குள் வாய்மொழியாக விடை பெறுபவை சிலவே.

துணைக் கேள்விக்கு என்ன அத்தனை மகத்துவம் என்பீர்கள். ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். உறுப்பினர் கேட்கிறார்: "அங்கே செவிலியர் உண்டா?" அமைச்சர் விடை தருகிறார்: "உண்டு, மூன்று பணியிடங்கள் ஒப்பளிக்கப்பட்டுள்ளன." ஏட்டில் அத்துடன் முடிந்தது. மூன்று செவிலியர் இருக்கும் நிலையத்துக்கு என்ன குறை என்று படிப்பவர் நினைப்பார்.

துணைக் கேள்வி எழுகிறது: "மூன்றில் நிரப்பப்பட்டவை எத்தனை?"

"இரண்டு."

"அந்த இருவரில் எவரேனும் மாற்றுப் பணியில் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளனரா?"

"ஒருவர்."

"எஞ்சிய ஒருவர் பகலெல்லாம் உழைத்துவிட்டு வீடு திரும்பினால், நள்ளிரவில் பிரசவ வலியோடு வண்டியில் வந்திறங்கும் பெண்ணை வரவேற்கப்போவது யார்?"

அமைச்சரின் முதல் விடையில் பொய் ஏதும் இல்லை, தோழர்களே! ஆனால், உண்மையும் இல்லை. ஒப்பளிப்புக்கும் நிரப்புதலுக்கும் இடையே, நிரப்புதலுக்கும் வருகைக்கும் இடையே ஒளிந்துகிடக்கும் இருளில் விளக்கேற்றுவது துணைக் கேள்வியே. அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது யார்? எந்தச் செவிலியர் எந்த நாளில் மாற்றுப் பணிக்குப் போனார், எத்தனை இரவுகள் கதவு பூட்டிக் கிடந்தது என்று குறித்துவைத்த ஊர்க்காரர்! அவர் குறிக்காவிட்டால் உறுப்பினர் கையில் ஒன்றும் இல்லை. உறுப்பினர் கையில் ஒன்றும் இல்லையென்றால் அமைச்சர் வாயிலும் ஒன்றும் வராது.

துணைக் கேள்வி இல்லாத அவை எப்படி இருக்கும்? கண்டோம், 2020ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில். கொரோனா நோயைக் காரணங்காட்டி, நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. எழுத்து விடைகள் மட்டும் தொடர்ந்தன. ஊரடங்கின்போது சொந்த ஊர் நோக்கி நடந்தும் வண்டியேறியும் சென்ற புலம்பெயர் தொழிலாளர்களில் இறந்தவர் எத்தனை பேர் என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தனர். அத்தகைய கணக்கு எதுவும் வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் விடை தந்தது. இறந்தோர் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று அடுத்த பகுதி கேட்டது. முற்கூறிய காரணத்தால் அந்தக் கேள்வியே எழவில்லை என்று விடை வந்தது! கணக்கு இல்லை, ஆகவே சாவு இல்லை, ஆகவே இழப்பீடு இல்லை. எத்தனை நேர்த்தியான தருக்கம் பாருங்கள்!

ஆனால், அதே கூட்டத்தொடரில், சில நாட்கள் கழித்து, மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சரை நோக்கி வேறொரு கேள்வி சென்றது. தொழிலாளர்களுக்கென விடப்பட்ட தனி ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாகத் தகவல் என்று எழுத்து விடை வந்தது. ஓர் அமைச்சகம் கணக்கே இல்லை என்கிறது. இன்னோர் அமைச்சகம் எண்ணைத் தருகிறது. அவையில் கேள்வி நேரம் நடந்திருந்து, தொழிலாளர் அமைச்சர் எழுந்து நின்றிருந்தால், "ரயில்வேயைக் கேட்டீர்களா? மாநிலங்களைக் கேட்டீர்களா?" என்ற துணைக் கேள்வி அவரைச் சும்மா விட்டிருக்குமா? கேள்வி நேரத்தை இழந்தோம் என்றால் உறுப்பினரின் பேச்சு வாய்ப்பை இழந்தோம் என்று பொருளன்று. சாலையோரத்தில் மடிந்தவனின் கணக்கை இழந்தோம் என்று பொருள்.

அவை நடப்பதன் அருமைக்கு மற்றொரு சான்று 2019ஆம் ஆண்டு ஜூலை. அஞ்சல்துறையில் அஞ்சல்காரர் முதலிய பணிகளுக்கான தேர்வு ஜூலை 14ஆம் நாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடத்தப்பட்டது. முன்பு இடம்பெற்றிருந்த தமிழும் பிற மாநில மொழிகளும் கடைசி நேரத்தில் விலக்கப்பட்டிருந்தன. தமிழில் முகவரி எழுதிய கடிதத்தைத் தமிழ்த் தெருவில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியவருக்குத் தமிழில் தேர்வு இல்லை! தமிழ்நாட்டு உறுப்பினர்கள், கட்சி வேறுபாடு பாராமல், மாநிலங்களவையில் விளக்கம் கேட்டு நின்றனர். அவை பன்முறை ஒத்திவைக்கப்பட்டது. ஜூலை 16ஆம் நாள், நடந்த தேர்வு ரத்து செய்யப்படுகிறது, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மீண்டும் நடத்தப்படும் என்று துறை அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அவையிலேயே அறிவித்தார். அது கேள்வி நேரத்தின் ஒழுங்கோடு நடந்தது என்று நான் சொல்லவில்லை, ஆரவாரத்துக்கிடையேதான் நடந்தது. ஆனால், அன்று அவை கூடியிருந்தது. அமைச்சர் அங்கே விடை கூறவேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் சென்ற ஆணை இரண்டே நாட்களில் திரும்பி வந்தது.

விடை கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் மக்களவையில் பிரதமர் நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் மாற்று மொழியாக நீடிக்கும், அதை முடிவுசெய்யும் உரிமை அம்மக்களுக்கே உரியது என்று உறுதி கூறினார். உயர்ந்த மனிதர், உயர்ந்த மன்றம், உயர்ந்த உறுதிமொழி! ஆனால், 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, ஆங்கிலம் நீடிக்கலாம் என்றிருந்ததே தவிர, நீடிக்க வேண்டும் என்றில்லை. அந்த ஒற்றைச் சொல்லைத்தான் மாநிலங்களவையில் அண்ணா பிடித்துக்கொண்டார். இரண்டுக்கும் ஒரே பொருள்தான் என்றால், ஐயத்துக்கு இடமில்லாத சொல்லையே எழுதிவிடலாமே என்பது அவர் வாதம். கேட்கப்படவில்லை. 1965இல் நாடு என்ன விலை கொடுத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். இந்தி ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றும் வரையில் ஆங்கிலம் நீடிக்கும் என்ற பாதுகாப்பு 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில்தான் எழுத்தாயிற்று. உறுதிமொழிக்கும் சட்டத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள். இடையிலே எத்தனை உயிர்கள்!

ஆகவேதான் சொல்கிறேன்: அமைச்சரின் விடை முற்றுப்புள்ளி ஆகாது. அது கடன் பத்திரம். உரிய நாளில் கொண்டுபோய் நீட்டினால்தான் பணம் வரும். பெட்டியில் வைத்துப் பூட்டினால் செல்லரிக்கும்.

நீட்டுவதற்கு ஓர் அலுவலிடமும் உண்டு. மக்களவையில் 1953ஆம் ஆண்டு டிசம்பரில் அரசு உறுதிமொழிகள் குழு அமைந்தது. அமைச்சர் அவையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பதே அதன் வேலை. மூன்று திங்களுக்குள் நிறைவேற்றவேண்டும் என்பது விதி. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது", "பரிசீலனையில் உள்ளது", "கவனிக்கிறேன்" என்றெல்லாம் அமைச்சர்கள் சொல்லும்போது, சாக்குச் சொல்கிறார் என்று நாம் சலித்துக்கொள்கிறோம் அல்லவா? அத்தகைய சொற்றொடர்களும் உறுதிமொழிப் பட்டியலில் அடங்கியவை! நாம் தட்டிக்கழிப்பு என்று எண்ணித் தூக்கி எறிந்ததை மன்றம் வாக்கு என்று எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் உறுதிமொழிக் குழு உண்டு. அது மாவட்டங்களுக்கு வந்து நேரில் ஆய்வு செய்கிறது. வரும்போது மாலை போட நம்மவர் பலர் செல்கின்றனர். "இந்தப் பாலத்தைப் பற்றி இன்ன நாளில் இன்ன விடை தந்தீர்கள், பாலம் எங்கே?" என்று கேட்கச் செல்பவர் எத்தனை பேர்?

இனி நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். அஞ்சலகம், ரயில், பாஸ்போர்ட் என்றால் டில்லியில் கேட்கவேண்டும். பேருந்து, சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை என்றால் சென்னையில் கேட்கவேண்டும். இடம் மாறினால் கேள்வி தள்ளப்படும். குறையை அழுகையாக எழுதாதீர்கள். நாள், எண், இடம் என்று கணக்காக எழுதுங்கள். விடை வந்ததும் அதை நறுக்கி ஒட்டி வையுங்கள். மூன்று திங்கள் கழித்து மீண்டும் உறுப்பினர் வீட்டுப் படியேறுங்கள்.

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. நம்மவர் எதிர்வரிசையில் இருக்கும்போது மட்டும் கேள்வி இனிப்பதும், ஆளும் வரிசைக்கு வந்ததும் அதே கேள்வி கசப்பதும் முறையாகா. அமைச்சரின் சாதனையை அவரே எடுத்துரைக்க வழிசெய்யும் கேள்வி, கேள்வியாகாது. அது கேள்விக்குறி போட்ட வாழ்த்துப்பா. நம் கட்சி உறுப்பினராயினும், "என் ஊருக்காக இந்த ஆண்டு என்ன கேட்டீர்?" என்று வினவும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைக் கேட்டு அவர் முகம் சுளித்தால், அவர் அமைச்சரை என்றும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி நேரம் உறுப்பினருடையதன்று, அமைச்சருடையதுமன்று. நள்ளிரவில் பூட்டிய கதவின்முன் வண்டியில் காத்திருக்கும் பெண்ணுடைய நேரம் அது. அதை அவளுக்காகக் காப்போம், வாரீர்!