வீடு நகர்ந்தது, குறிப்பு நகரவில்லை



வீட்டை நகர்த்துவது என்று சொன்னால் கேட்போர் நகைப்பர். கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய வீடு தரையில் நகராதுதான். ஆனால் வரைபடத்தில் நகரும். அத்திவாரம் வெட்டுமுன், கணினியில் வரைந்த வீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது இன்று நொடிப்பொழுதில் ஆகிற காரியம். அவ்வாறு தள்ளும்போது, வீட்டைச் சுற்றி எழுதிவைத்த அளவுகளும் குறிப்புகளும் என்ன ஆகின்றன என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் நமக்கு இது கணினி அறிந்தோருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தேயிலையும் இறப்பரும் வளரும் நம் மலைச்சரிவுகளில், வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்பது உயிரைப் பற்றிய விடயம். 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடிற்று. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹனத் தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுக்குள் புதையுண்டன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டடம் எழுப்புமுன் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறவேண்டும் என்ற விதியின் பொருள் நமக்கு நன்றாகவே விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவனின் குடும்பம் லயத்தை விட்டுத் தனிவீடு கட்ட முனைந்தது. இந்திய உதவியுடன் தோட்டங்களில் கட்டப்பட்ட வீடுகளைப் போலவே 7 பேர்ச்சஸ் காணி. 550 சதுர அடி வீடு. 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,905 சதுர அடி. காணி 38 அடி அகலமும் 50 அடி நீளமும் கொண்டது. வீடு 22 அடி அகலமும் 25 அடி நீளமும். பின்புறத்து எல்லையில் உயர்ந்த மண்மேடு. அந்த மேட்டுக்கும் வீட்டுக்கும் இடையே 8 அடி, முன்புறம் 17 அடி என்று பாடசாலைக் கணினியில் நானும் அவனும் வரைந்து வைத்தோம். நான் கலைப்பட்டதாரி, கணினி எனக்குக் கைவந்த கலை அன்று. ஆயினும் ஆர்வம் விடவில்லை.

காணியைப் பார்வையிட வந்த உத்தியோகத்தர் மேட்டை நிமிர்ந்து நோக்கினார். வீட்டை 6 அடி முன்னால் கொண்டுவருமாறு அறிவுரை கூறினார். அன்று மாலையே நான் வரைபடத்தில் வீட்டைத் தெரிவு செய்து முன்னே இழுத்தேன். சுவர்கள் வந்தன, கதவுகள் வந்தன, அறைகளின் பெயர்களும் வந்தன. பின்புறம் நான் தட்டச்சிட்டிருந்த '8 அடி' என்ற எழுத்து மட்டும் தன் இடத்திலேயே இருந்துவிட்டது. அதனை நான் கவனிக்கவில்லை. வரைபடம் அச்சாகி மேசனின் கைக்குப் போயிற்று.

மேசன் எழுத்தை நம்பினார். மேட்டிலிருந்து 8 அடி அளந்து, முளை அடித்து, இரண்டு நாள் அத்திவாரம் வெட்டினார். மூன்றாம் நாள் மாணவனின் தாயார் பாடசாலைக்கு வந்து, "ஐயா, வந்த பெரியவர் வீட்ட முன்னுக்குத் தள்ளச் சொன்னாரே? இவங்க மேட்டுக்கிட்டயே தோண்டுறாங்களே!" என்றார். எழுதப்படிக்க அறியாத அம்மையார் கண்ட பிழையை, நான் காணவில்லை. மேசன்மேல் குற்றமில்லை; பிழை முற்றும் என்னுடையது.

வெட்டியதை மூடிய பின்னர், அவ்வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு சிந்திக்கலானேன். வகுப்பில் கட்டுரை திருத்தும்போது, நடுவிலுள்ள பந்தியை முதலிடத்துக்கு மாற்றினால், அதிலுள்ள 'மேற்கூறியவாறு' என்ற சொல் பொருளற்றுப் போகும் அல்லவா? அச்சொல் பந்திக்கு மட்டும் உரியதன்று. பந்திக்கும் அதற்கு முன் நின்றதற்கும் உள்ள உறவுக்கு உரியது. வரைபடக் குறிப்புகளும் அப்படியே. அவை மூன்று வகை.

முதல் வகை வீட்டுக்கு உரியவை. அறையின் பெயர், சுவரின் நீளம், கதவின் அகலம் ஆகியன வீட்டோடு செல்லவேண்டும். இரண்டாம் வகை காணிக்கு உரியவை. வடதிசைக் குறி, எல்லைக்கல், மண்மேடு, மழைநீர் ஓடும் கான் ஆகியன அசையக்கூடாது. மூன்றாம் வகை இரண்டுக்கும் இடையிலான உறவைக் கூறுபவை. மேட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை அடி, சுவரிலிருந்து மலசலகூடக் குழிக்கு எத்தனை அடி என்பன அத்தகையவை. இவற்றைக் கூடவே கொண்டு செல்லவும் முடியாது, அங்கேயே விட்டுவிடவும் முடியாது. அழித்துவிட்டு மீண்டும் அளக்கவேண்டும்.

எங்கள் குழியின் கதையைக் கேளுங்கள். வீட்டின் முன்சுவரிலிருந்து 10 அடி தள்ளி அதற்கு இடம் குறித்திருந்தோம். வீடு 6 அடி முன்னே வந்ததும், குழி நின்ற இடத்திலேயே நின்றால் சுவருக்கு 4 அடியில் அகப்படும். வீட்டோடு நகர்ந்தால் எல்லைக்கு 1 அடியே எஞ்சி, அயலார் காணிக்குள் விழும். ஆகவே, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு வேறு மூலை தேடினோம். இம்முடிவைக் கணினி நமக்காக எடுக்காது.

மென்பொருள்களும் ஒரே தன்மையன அல்ல. 'சுவீட் ஹோம் திரீ டி' என்னும் இலவச மென்பொருளில் அளவுக்கோடும் எழுத்தும் தனிப்பொருள்கள்; சுவரை மட்டும் நகர்த்தினால் அவை பின்தங்கும். அனைத்தையும் ஒருசேரத் தெரிவு செய்தாலோ, வீட்டுடன் எல்லைக்கோடும் நகர்ந்து, இடைவெளி மாறாமலே இருந்துவிடும். 'ஓட்டோகேட்' மென்பொருளில் அளவைச் சுவரோடு பிணைத்து வைக்கலாம். சுவர் நகர்ந்தால் எண்ணும் மாறும். ஆனால் அவ்வெண்ணின் மேல் நாமே வேறோர் எண்ணைத் தட்டச்சிட்டிருந்தால், அது மாறாது. பழைய அளவையே கூறிக்கொண்டிருக்கும்.

ஆகவே, வீடு கட்டும் அன்பர்களுக்கும், அவர்களுக்கு வரைந்து கொடுக்கும் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. நகர்த்துமுன் பழைய வரைபடத்தைத் திகதியிட்டு வேறாகச் சேமியுங்கள். காணிக்குரியவற்றைத் தனி அடுக்கில் இட்டுப் பூட்டுங்கள். வீட்டை அதன் குறிப்புகளுடன் நகர்த்துங்கள். உறவைக் கூறும் அளவுகளை ஒவ்வொன்றாக அழித்துப் புதிதாக எழுதுங்கள். பின்பு கூட்டிப் பாருங்கள். எங்கள் காணியில் பின்புறம் 14, வீடு 25, முன்புறம் 11; கூட்டினால் 50. நான் அன்றே கூட்டியிருந்தால், பின்புறத்து 8 உடனே காட்டிக்கொடுத்திருக்கும். இறுதியாக, மேசன் கையிலுள்ள பழைய தாளைத் திரும்பப் பெற்று, 'இரத்து' என்று குறுக்கே எழுதிவிடுங்கள்.

அந்த வீடு இன்று எழுந்து நிற்கிறது. பின்புறத்து 14 அடியில் கான் வெட்டப்பட்டு மழைநீர் ஒதுங்கி ஓடுகிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம், அந்த அம்மையார் பாடசாலைக்கு வந்த காலைப்பொழுதை நான் நன்றியுடன் நினைத்துக்கொள்வதுண்டு.