குதிக்கிறதுக்கு முன்னாடி

ஃபிஜியில லாவ் தீவுகளுக்குப் பாய்மரப் படகுல போறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஒரு குட்டி ஊருக்கு முன்னாடி நங்கூரம் போட்டாச்சு. தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. உடனே குதிச்சிடலாமா?

கூடாது. தொப்பி, கூலிங் கிளாஸைக் கழற்றிட்டு, இடுப்புல சுலு கட்டிக்கிட்டு, முதல்ல ஊர்த் தலைவரைப் பார்க்கணும். சுவா சந்தையிலயே வாங்கி வெச்ச காய்ஞ்ச கவா வேர்க்கட்டை அவர் முன்னாடி தரையில வைக்கணும். இந்தச் சடங்குக்குப் பேர் செவுசெவு. அவர் ஏத்துக்கிட்டா நீங்க ஊருக்கே விருந்தாளி. நீச்சல், மீன்பிடி, போட்டோ எல்லாம் அப்புறம்தான்.

ஏன்னா, அந்தக் கடலும் பவளப்பாறையும் தலைமுறை தலைமுறையா அந்த ஊர் மீன் பிடிக்கிற இடம். அவங்க சாப்பாடே அதுலதான்.

அடுத்த தடவை யாராவது 'ஆளே இல்லாத பீச்'னு வீடியோ போட்டா, "யார்கிட்ட கேட்டுட்டு இறங்குனீங்க?"ன்னு ஒரு கமென்ட் போடுங்க.