புற்றுநோயும் நம் கடமையும்

(கல்யாணில் நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆண்டு விழாவில் பேச எழுவோர் இலக்கியம் பற்றிப் பேசுவதே இச்சங்கத்தின் மரபு. வள்ளுவரையும் கம்பரையும் விடுத்து நோயைப் பற்றிப் பேச நாம் முன்வந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். மங்கலமான நாளில் இக்கொடிய பெயரை உச்சரிக்கலாமா என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறோம். ஆயினும் பேச வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்வரை, இவ்விழா மேடையில் ஏற்றும் குத்துவிளக்கைத் துலக்கித் திரியிட்டுப் பூச்சூட்டிக் கொண்டுவந்து வைப்பவர் ஓர் அம்மையார். அவருக்கு மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆன பின்னர் உதிரப்போக்குக் கண்டது. உடற்சூடு என்று எண்ணி வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவந்தார். நம் மனைவியாரிடம் மட்டும் அதனைச் சொன்னார். மனைவியார் நம்மிடம் சொன்னார். "பெண்கள் பேசிக்கொள்ளும் செய்தி, ஆண்கள் தலையிடுவது முறையன்று" என்று நாம் வாளாவிருந்துவிட்டோம். ஏழு திங்கள் கடந்த பின்னரே அவர் மருத்துவரிடம் சென்றார். கருப்பையின் வாயில் தோன்றிய புற்று அதற்குள் அப்பாலும் பரவிவிட்டது. அடுத்த ஆண்டு விழாவிற்குக் குத்துவிளக்கு வந்தது, அவர் வரவில்லை. அவரைக் கொன்றது நோய்தான். எனினும் நம் மௌனத்திற்கும் அதில் பங்குண்டு என்பதை இவ்வவையில் ஒப்புக்கொள்கிறோம். அந்த மௌனத்தைக் கலைக்கவே இன்று எழுந்தோம்.

அன்பர்களே! இந்நாட்டின் பெயர்பெற்ற இரு புற்றுநோய் மருத்துவமனைகளும் பெண்களின் மரணத்திலிருந்தே பிறந்தவை. மெஹர்பாய் டாடா அம்மையார் 1931ஆம் ஆண்டில் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அவருடைய கணவர் தோராப்ஜி டாடாவின் பெயரால் அமைந்த அறக்கட்டளை, 1941 பிப்ரவரி 28ஆம் நாள் பரேலில் டாடா நினைவு மருத்துவமனையைத் திறந்தது. தமிழ்நாட்டிலோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1923ஆம் ஆண்டில் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். சாகப்போகிறவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அவர் தளரவில்லை. மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. 1957இல் கோபால்ட் கதிர்ச் சிகிச்சைக் கருவியும் அங்கு வந்து சேர்ந்தது. அவருடைய மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அவர்களும், 2021 ஜனவரி 19ஆம் நாள் மறைந்த டாக்டர் சாந்தா அவர்களும் தம் வாழ்நாளையே அந்நிலையத்திற்கு ஈந்தனர்.

மருத்துவமனை எவ்வளவு சிறந்ததாயினும் என்ன? நோயாளி காலங்கடந்து வந்தால் மருத்துவர் என்ன செய்வார்? இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டதென்றும், ஏறத்தாழ 80,000 பெண்கள் அதனால் இறந்தனரென்றும் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இத்தனைக்கும், இது மெல்ல வளரும் நோய். தொடக்க மாறுதல் முற்றிப் புற்றாவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அதாவது, கண்டுபிடிக்க நமக்கு நீண்ட தவணை கிடைக்கிறது. அத்தவணையைத்தான் நாம் வீணாக்குகிறோம்.

அத்தவணைக்குள் நோயைக் கண்டுகொள்ள வழி உண்டா? உண்டு. அது நம் மும்பையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. 1998ஆம் ஆண்டில் டாடா மருத்துவமனையினர் மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். விலையுயர்ந்த கருவி எதுவும் அவர்கள் கொண்டுசெல்லவில்லை. காடி என்று நம் முன்னோர் சொன்ன வினிகர்தான் அவர்களுடைய கருவி. சீன உணவுக் கடைகளில் பச்சை மிளகாயை ஊறவைத்து மேசைமேல் வைத்திருப்பார்களே, அதிலுள்ள அதே அமிலம்தான். அதனை நூற்றுக்கு 4 பங்கு வலிமையில் நீரில் கலந்து, பஞ்சில் தோய்த்துக் கருப்பையின் வாயில் தடவுவர். ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கொளியில் பார்ப்பர். மாறுதலடைந்த திசு இருக்குமாயின் அவ்விடம் வெண்மையாகத் தோன்றும். அறுவை இல்லை, பல நாள் காத்திருத்தலும் இல்லை. ஐயம் உள்ளவர்களை மருத்துவமனைக்கு அனுப்புவர்.

இச்சோதனையைச் செய்தவர்கள் யார் என்று எண்ணுகிறீர்கள்? மருத்துவர்கள் அல்லர், செவிலியரும் அல்லர். பத்தாம் வகுப்புவரை படித்த சாதாரணப் பெண்கள். அவர்களுக்கு நான்கு வாரப் பயிற்சி அளித்தனர். வீடுதோறும் சென்று, கூச்சம் போக்கி, பெண்களை அழைத்துவந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை வீதம் நான்கு முறை பார்த்தனர். அழைக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வந்தனர் என்றால் அப்பெண்களின் தொண்டை என்னென்பது! பன்னிரண்டு ஆண்டு முடிவில் கணக்கெடுத்தபோது, சோதிக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் நேர்ந்த மரணம் 31 விழுக்காடு குறைந்திருந்தது. டாக்டர் சுரேந்திர சாஸ்திரி அவர்கள் 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த புற்றுநோய் வல்லுநர் மாநாட்டில் இம்முடிவை எடுத்துரைத்தார். ஒப்புநோக்குவதற்காக மற்றொரு பிரிவுப் பெண்களுக்குச் சோதனை செய்யாமல் நோய் பற்றிய அறிவுரை மட்டும் அளித்தது தகுமா என்ற கண்டனமும் எழுந்தது. அது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. எனினும், அவ்வேழைப் பெண்களால் உலகு கற்ற பாடத்தை நாமாவது பயன்படுத்த வேண்டாமா?

தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை நிலைக்களமாகக் கொண்டு, 2000ஆம் ஆண்டில் இதே சோதனையைச் செவிலியர் தொடங்கினர். அங்கு மரணம் 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் முடிவு வெளிவந்தது. ஆயினும் எல்லா இடத்திலும் காடி இவ்வாறு வெற்றி பெறவில்லை. மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆராய்ச்சியில், ஒரே முறை செய்த காடிச் சோதனையால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. ஒரே முறை செய்த வைரஸ் சோதனையோ மரணத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இது 2009இல் வெளியான முடிவு. ஆகவே, வசதியுள்ள இடத்தில் வைரஸ் சோதனை சிறந்தது. அது கிட்டாத இடத்தில் காடிச் சோதனையும் உயிர் காக்கும் என்று கொள்க.

வைரஸ் என்றோமே, அது யாது? பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமியே இந்நோய்க்கு மூலம் என்று ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் கண்டறிந்தார். அதற்காக 2008ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். இக்கிருமி மிகப் பலரைத் தொற்றும். பெரும்பாலோர் உடலிலிருந்து தானே நீங்கிவிடும். நீங்காது தங்கிவிடும் சிலரிடத்திலேயே ஆண்டுகள் கழித்துப் புற்றாகும். ஆதலால், இந்நோய் கண்ட பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி எவரும் நாவசைத்தல் பெரும் பாவம்.

மூலம் கிருமியாயின் தடுப்பூசி போடலாம் அன்றோ? 2006 முதல் தடுப்பூசி உண்டு. நம் அண்டை நகராகிய புனேயில் சீரம் நிறுவனம் ஆக்கிய இந்தியத் தடுப்பூசிக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. இங்கும் நம் நாடு உலகுக்கு ஒன்று கற்பித்தது. 2009இல் அம்பிளிக்கை உள்ளிட்ட இந்திய ஊர்களில் சிறுமியர்க்கு இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று ஆராயத் தொடங்கினர். 2010இல் அரசு அதனை இடையில் நிறுத்தியதால், ஆயிரக்கணக்கான சிறுமியர் ஓர் ஊசியோடு நின்றனர். பத்தாண்டு கழித்துப் பார்க்கையில், அவ்வோர் ஊசியே ஏறக்குறைய அதே அளவு காத்தது தெரிந்தது. 2022 இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஊசி முறையையும் ஏற்றுக்கொண்டமைக்குத் துணைநின்ற சான்றுகளுள் இதுவும் ஒன்று. 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே மிகுந்த பயன் தரும். ஊசி போட்டுக்கொண்ட பெண்ணும் உரிய வயதில் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கும் வழி உண்டு. அதே மும்பைப் பெண்களின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற அதே பணிப்பெண்கள் கையால் தொட்டுச் சோதித்தனர். 20 ஆண்டு கணக்கு 2021இல் வெளியாயிற்று. 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையோரிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை.

ஆண்மக்களே! பெண்களுக்கே உரிய உரை இது என்று எண்ணற்க. புகையிலை மெல்லும் நம்மவர் எத்தனை பேர்! வாயில் ஆறாத புண், வெண்மையான அல்லது சிவந்த படை, வாய் திறக்க இயலாத இறுக்கம் ஆகியவற்றைப் பல்வலி என்று தள்ளிவிடலாகாது. திருவனந்தபுரத்தில் 1996 முதல், பயிற்சி பெற்ற பணியாளர்கள் மக்களின் வாயை விளக்கொளியில் பார்த்துவந்தனர். புகையிலை அல்லது மது பழகியோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் அறிவித்தனர். பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பார்க்காவிடில் தாடையையே இழக்க நேரலாம்.

புதிய சிகிச்சைகளையும் நாம் குறைத்துக் கூறவில்லை. பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மையமும் இணைந்து, நோயாளியின் வெள்ளணுக்களையே எடுத்துப் போர்வீரராக மாற்றி மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சையை உருவாக்கின. சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கு உரிய இச்சிகிச்சைக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்கள் அதனைத் தொடங்கிவைத்தார்கள். இதனால் பெருமிதம் கொள்வோம். ஆனால் அம்மையாரைக் காத்திருக்க இத்தகைய அரிய சிகிச்சை எதுவும் தேவைப்பட்டிருக்காது. நாற்பது வயதில் ஒரு சோதனை செய்திருந்தாலே பெரும்பாலும் பிழைத்திருப்பார். மாதவிலக்கு நின்ற பின்னர்க் காடிச் சோதனை அவ்வளவாகப் பயன்படாது. அப்போது உதிரம் கண்டால் சோதனை முகாமை எதிர்பார்த்திராமல், அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

நமக்குத் தெரிந்த துறையிலிருந்து இரண்டொரு செய்திகள். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் நோயாளிக்கு, உரிய மருத்துவமனைச் சான்றிதழ் காட்டினால், தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் ரயில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. ஊரிலிருந்து பெற்றோரை இங்கு அழைத்துவருவோரும், அடையாற்றுக்குச் செல்வோரும் இதனை அறிதல் வேண்டும். மும்பை லோக்கல் வண்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். கல்யாணிலிருந்து ஸ்லோ வண்டி நேரே பரேலில் நிற்கும். வெளியூரிலிருந்து வரும் நோயாளிகள் தங்குவதற்குத் தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை உண்டு.

இறுதியாக, சங்கத்தாருக்கு நம் விண்ணப்பம். முப்பது வயது கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டுமென்பது அரசின் திட்டம். அரசு மருத்துவ நிலையத்தாரை அணுகி, ஆண்டுக்கு ஒரு நாள் நம் மகளிர்க்கென்று குறித்துப் பெறுவோம். நம் பெண்களில் சிலர் முன்வந்து பயிற்சி பெற்று வீடுதோறும் செல்வார்களாக. பத்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும் என்பதை மும்பைப் பணிப்பெண்கள் மெய்ப்பித்துவிட்டனர். பள்ளி இறுதி வகுப்பே படித்த நாம் இங்கு நின்று பேசத் துணிந்ததும் அவர்கள் அளித்த துணிவால்தான்.

ஆண்கள் செய்ய வேண்டியது ஒன்றே. இன்றிரவு இல்லம் சென்றதும், "உனக்கு இத்தகைய தொல்லை ஏதும் உண்டா? சோதனைக்குப் போகலாமா?" என்று மனைவியிடமும் தாயிடமும் வாய்திறந்து கேளுங்கள். நாம் கேட்கத் தவறினோம், நீங்கள் தவறாதீர்கள். அடுத்த ஆண்டு இவ்விளக்கை ஏற்றும்போது இங்கு அமர்ந்துள்ள தாய்மார் அனைவரும் மீண்டும் இவ்விடத்தே அமர்ந்திருக்க வேண்டும் என்று வேண்டி விடைபெறுகிறோம்.