படிப்பகத்திற்கு ஒரு கணிப்பொறி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

நம் படிப்பகத்திற்குக் கணிப்பொறி ஒன்று வாங்குவதெனப் பொதுக்குழு முடிவு செய்துள்ளது. கட்டட வேலைக்குச் செல்வோரும், துப்புரவுப் பணியாளரும், வயல் வேலை செய்யும் தாய்மாரும் ஐம்பதும் நூறுமாகச் செலுத்திய சந்தாப் பணம் அதற்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அப்பணத்தில் ஒரு காசும் பாழாகாமல் வாங்குவது எவ்வாறு என்பதையே இன்று பேச வந்துள்ளோம்.

கணிப்பொறி நமக்கு எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். கைப்பேசி போதாதா என்பது அவர்களுடைய வினா. கல்வி உதவித்தொகைக்கும் தேர்வாணையத் தேர்வுகளுக்கும் இன்று இணையம் வழியாகவே விண்ணப்பிக்கின்றோம். சிறு திரையில் நிரப்பி, புகைப்படமும் கையொப்பமும் கேட்ட அளவில் அமையாமல், கடைசி நாளன்று வெளிக்கடையின் முன் வரிசையில் நிற்கும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. இரயில்வே, வங்கி, எஸ்.எஸ்.சி. தேர்வுகள் கணிப்பொறியின் முன் அமர்ந்தே எழுதப்படுகின்றன. சுட்டெலியைத் தேர்வு மண்டபத்தில்தான் முதன்முதலாகத் தொடுகின்ற மாணவன், விடை தெரிந்திருந்தும் நேரத்தை இழக்கின்றான். இந்த இழப்பைத் தடுப்பதற்கே நாம் பணம் செலவிடுகின்றோம்.

முழுதாகச் செய்து விற்கப்படும் பொறியை வாங்கினால் பொறுப்பாளி ஒருவரே. அது ஒரு வசதி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து பூட்டினால் பணம் எங்கே போகின்றது என்பது நம் கையில் இருக்கும். பின்னாளில் ஒன்று பழுதுபட்டால் அதை மட்டும் மாற்றலாம். நம் பிள்ளைகள் நான்கு பேர் அத்தொழிலையும் கற்பார்கள். ஆதலின் இவ்வழியையே நம் குழு விரும்புகின்றது.

உறுப்புகளின் பெயர்களைக் கடைவீதி வழங்கும் சொற்களிலேயே கூறுவோம். அங்கே சென்று கேட்க வேண்டியவர்கள் நாமல்லவா?

முதலில் பிராசசர். நமக்கு வேண்டுவது எழுதுதல், படித்தல், விண்ணப்பித்தல், பாடக் காட்சிகளைப் பார்த்தல் ஆகியவையே. இவற்றிற்குத் தனியே கிராபிக்ஸ் கார்டு வேண்டுவதில்லை. அது விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் உரியது. பட்ஜெட்டில் பெரும்பங்கை விழுங்கக் கூடியது. திரைக்குப் படம் அனுப்பும் ஆற்றல் பிராசசருக்குள்ளேயே அமைந்திருந்தால் போதும். 2021இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி என்பதும், 2022இல் வந்த இன்டெல் ஐ3-12100 என்பதும் அவ்வகையின. முன்னதில் ஆறு கோர்களும் பின்னதில் நான்கும் உள்ளன. நம் வேலைக்கு நான்கே தாராளம். இங்கே ஓர் எச்சரிக்கை: இன்டெல் 12100 என்ற எண்ணின் பின்னே ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் படம் காட்டும் பகுதி இயங்காது. விலை சற்றுக் குறைவு என்று அதனை வாங்கி வந்தால், திரை இருட்டாகவே இருக்கும். பின்பு கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியே அழ வேண்டும்.

மதர்போர்டு பிராசசருக்குப் பொருந்துவதாக இருத்தல் வேண்டும். 5600ஜி ஏ.எம்.4 என்னும் சாக்கெட்டில் அமர்வது, 12100 எல்.ஜி.ஏ.1700இல் அமர்வது. ஒன்றின் பலகையில் மற்றொன்று உட்காராது. ரேமிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. டி.டி.ஆர்.4 ரேமின் வெட்டும் டி.டி.ஆர்.5 ரேமின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் உள்ளன. ஏ.எம்.4 பலகைகள் டி.டி.ஆர்.4 மட்டுமே ஏற்கும். எல்.ஜி.ஏ.1700 பலகைகளில் இருவகையும் உண்டு. எனவே பலகையின் பெயரைப் படித்த பின்னரே ரேம் வாங்க வேண்டும். கூடுமானால் 8 ஜி.பி. இரண்டு. 2025இன் பிற்பகுதியில் செயற்கை அறிவுக் கூடங்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் ஏறியதை நீங்கள் அறிவீர்கள். நம் தொகை அதற்குப் போதாதெனில் இப்போது 8 ஜி.பி. ஒன்று வாங்கி, மற்றோர் இடத்தைக் காலியாக வைத்திருப்பதே அறிவுடைமை.

தகவலைச் சேமிக்கப் பழைய சுழல்தட்டு ஹார்டு டிஸ்க் வேண்டா, எஸ்.எஸ்.டி. வேண்டும். 500 ஜி.பி. அளவே போதுமானது. கணிப்பொறி மெதுவாக இருக்கின்றது என்று நாம் நொந்துகொள்வதில் பெரும்பகுதி சுழல்தட்டின் குற்றமேயன்றிப் பிராசசரின் குற்றமன்று.

இனிப் பவர் சப்ளை. கடைக்காரரும் வாங்குவோரும் ஒருங்கே அலட்சியம் செய்வது இதனைத்தான். கேபினட்டுடன் ‘இலவசமாக’ வரும் பெயரறியாத பவர் சப்ளையை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளலாகாது. நம் தெருக்களில் மின்னழுத்தம் எவ்வாறு ஏறி இறங்குகின்றது என்பதை மின்விளக்கைப் பார்த்தே அறிவோம். தரமற்ற பவர் சப்ளை கெடும்போது தான் மட்டும் கெடுவதில்லை, மதர்போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் உடன் கொண்டு செல்லக்கூடும். நம் பொறிக்கு 400 அல்லது 450 வாட் மிகுதியே. அதற்குமேல் வாட் எண்ணைக் காட்டி விலையேற்றுவோரை நம்ப வேண்டுவதில்லை. 80 பிளஸ் முத்திரையும், உற்பத்தியாளரின் உத்தரவாத ஆண்டுகளுமே பார்க்க வேண்டியவை. யு.பி.எஸ். வாங்கும்போது 600 வி.ஏ. என்பதை 600 வாட் என்று கருதிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 360 வாட்டே தாங்கும். அதுவும் நமக்குப் போதும். படிப்பகத்தின் சுவரில் எர்த் இணைப்புச் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீசியனைக் கொண்டு முதலில் சோதிக்க வேண்டும். இதற்காகும் சிறு செலவைக் கஞ்சத்தனத்தால் தவிர்ப்பது முறையன்று.

கேபினட்டில் வண்ண விளக்குகள் ஒளிர்வதைக் கண்டு இளைஞர்கள் மயங்குவது இயல்பே. காற்றோட்டம் நன்றாக இருந்தால் கறுப்புத் தகரப் பெட்டியே நமக்கு அழகுதான்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பொறிகளை வாங்கலாமே என்று சிலர் கருதுகின்றனர். தவறில்லை, ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை முதலான பிராசசர்களும் டி.பி.எம். 2.0வும் வேண்டும். அதற்கு முந்தைய பொறி மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் நிறுவியே பயன்படுத்த வேண்டும். உண்மையில் புதிய பொறிக்கும் லினக்ஸையே நாம் பரிந்துரைக்கின்றோம். திருட்டு மென்பொருளைத் தேட வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸ் இலவசம். 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை முறையும் அதில் இயங்கும்.

சென்னை ரிச்சி தெருவிற்குச் செல்வோருக்கு ஒரு சொல். உடையைப் பார்த்து விலை சொல்லும் கடைகளும் அங்கே இருக்கக்கூடும். தாளில் எழுதிய பட்டியலுடன் செல்லுங்கள். மூன்று கடைகளில் விலை கேளுங்கள். உறுதியாகப் பேசுங்கள், தலைகுனிய வேண்டா. பிராசசர் முத்திரையிட்ட பெட்டியில் வர வேண்டும். பெட்டியின்றித் தருவதற்கு உற்பத்தியாளரின் மூன்றாண்டு உத்தரவாதம் கிட்டாது. ஜி.எஸ்.டி. பில் கழகத்தின் பெயரில், ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணுடன் இருத்தல் அவசியம். பில் இல்லாமல் தந்தால் விலை குறையும் என்பார்கள்; அந்த விலை நமக்கு வேண்டா.

உறுப்புகள் வந்து சேர்ந்தபின் கடையில் பூட்டாமல், நம் படிப்பகத்திலேயே பூட்டுவதாகக் குழு எண்ணியுள்ளது. மேசையும் திருப்புளியும் தயாராக உள்ளன. உடனிருந்து கற்க விரும்பும் மாணவரும் மாணவியரும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பெண் பிள்ளைகளின் பெயர்கள் பட்டியலில் பாதியேனும் இருத்தல் வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.