எக்ஸ்ரே பிலிமில் ஒரு கோயில்

நெஞ்சுக்கூட்டைப் பார்க்க ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் எக்ஸ்ரே பிலிமை, பலகையில் செய்த கேமராவுக்குள் போட்டு மரத்தையும் மண்டபத்தையும் படம் பிடிக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பெரிய அளவுப் படத்துக்கென்று விற்கிற பிலிம் யானை விலை. எக்ஸ்ரே பிலிம் அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். ஆனால் இது சிக்கனத்துக்காக மட்டும் செய்கிற வேலை என்று நான் நினைக்கவில்லை.

எக்ஸ்ரே பிலிம் சாதாரண வெளிச்சத்தில் எப்படி வேலை செய்யும் என்று சிலர் கேட்கலாம். ஆஸ்பத்திரி கேசட்டுக்குள் பிலிமின் இரண்டு பக்கமும் ஒளிரும் திரைகள் இருக்கின்றன. எக்ஸ் கதிர் பட்டதும் அவை நீலமாகவோ பச்சையாகவோ ஒளிர்கின்றன. பிலிமில் பதிவது பெரும்பாலும் அந்த ஒளிதான். அதனால் அந்த பிலிமை வெயிலுக்குக் கொண்டுவந்தாலும் வேலை செய்யும். ஆனால் சிவப்பு அதற்குத் தெரியாது.

இந்தக் குருட்டுத்தனத்தில் ஒரு வசதி உண்டு. மற்ற பிலிமைக் கும்மிருட்டில், கடிகாரத்தை நம்பிக் கழுவ வேண்டும். இதைச் சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் கறுப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கழுவலாம். போதும் என்று தோன்றும்போது வெளியே எடுக்கலாம். படக்கலை பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

சிவப்பு தெரியாததால் படத்தின் நிறமும் மாறிப்போகும். மைசூர் அரண்மனையை எடுத்தால் சிவந்த கும்மட்டங்கள் கன்னங்கரேலென்று விழும். நீல வானம் வெளுத்து, மேகம் காணாமல் போகும். நம் தோல் இன்னும் ஒரு படி கறுக்கும், உதடு இருளும், முகத்தில் உள்ள தழும்பெல்லாம் எடுப்பாகத் தெரியும். கல்யாணப் பெண்ணை இதில் எடுத்தால் வீட்டுக்குள் சண்டைதான் வரும். ஆனால் உழைத்துக் காய்ந்த ஒரு முதியவரின் முகத்துக்கு இதைப்போல் நியாயம் செய்கிற பிலிம் குறைவு.

கல்லுக்கும் அப்படித்தான். மைசூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது சோமநாதபுரம் கேசவர் கோயில். 13ஆம் நூற்றாண்டு ஹொய்சளர் வேலை. மாக்கல்லில் நகைத்தட்டான் வேலைபோலச் செதுக்கியவை அந்தச் சிற்பங்கள். 10க்கு 8 அங்குல பிலிமில் எடுத்து, பெரிதாக்காமல், அதே அளவில் காகிதத்தோடு ஒட்டவைத்து அச்சிட்டால் மணிமாலையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கும். சிலை நகராது, நிழலில் மூன்று நொடி, நான்கு நொடி ஒளி கொடுத்தாலும் கலங்காது. ஷட்டர் தேவையில்லை, லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மூடினால் போதும். தொல்லியல் துறை இடங்களில் முக்காலி வைக்க முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். அதை மறந்துபோய் வாசலில் தகராறு செய்ய வேண்டாம்.

இனி கேமரா. கதவு, நிலை செய்கிற தச்சரே போதும். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு பெட்டிகள், முன்னால் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ், பின்னால் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி. கண்ணாடியில் உருவம் தெரிகிற அதே தூரத்தில் பிலிம் உட்கார வேண்டும். அது பிசகினால் எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் படம் மங்கும். கஷ்டமெல்லாம் பிலிம் ஹோல்டரில்தான் இருக்கிறது.

நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. ஆலப்புழையில் இசைக்கருவி பழுதுபார்க்கும் குடும்பத்தில் வந்த கருணாகரன், 1940களில் மரத்திலும் பித்தளையிலும் வாகீஸ்வரி கேமராவைச் செய்யத் தொடங்கினார். ஆர்மோனியத் துருத்தி தைத்த கைக்குக் கேமராத் துருத்தி பெரிய காரியமா! நாட்டின் எத்தனையோ ஸ்டூடியோக்களில் கறுப்புத் துணிக்கடியில் நின்றது அந்தக் கேமராதான். பிலிமுக்கும் அன்று தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மைசூரிலிருந்து பந்திப்பூர் காட்டைத் தாண்டினால் வரும் ஊட்டியில், 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. நாட்டுக்கே எக்ஸ்ரே பிலிம் கொடுத்த அந்த ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிலிமின் இரண்டு பக்கமும் மருந்துப் பூச்சு இருப்பதால் உருவம் சற்று மெத்தென்று இருக்கும். பின்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுக்கும் பூச்சு இல்லாததால் விளக்கையும் ஜன்னலையும் சுற்றி ஒரு வெண்புகை படியும். நனைந்த பூச்சு மிக மென்மையானது, நகம் பட்டால் கீறல்தான். தட்டின் அடியில் ஒரு கண்ணாடி போட்டு, ஒவ்வொரு பிலிமாகக் கழுவுங்கள். விளக்கைச் சுற்றிப் படியும் அந்த வெண்புகையைச் சிலர் அழகு என்கிறார்கள். எனக்கு அது முகத்தில் பிடிக்கும், கோபுரத்தில் பிடிக்காது. கூர்மைதான் முக்கியம் என்பவர்கள் மார்பகப் பரிசோதனை பிலிமைத் தேடலாம், அதில் ஒரு பக்கம்தான் பூச்சு.

எக்ஸ்ரே மையங்கள் பெரும்பாலும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. இப்போது கையில் கொடுக்கிற படம் சூட்டினால் அச்சாகிற வேறு பிலிம், கேமராவுக்கு உதவாது. டார்க் ரூமில் கழுவுகிற பழைய வகையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் மையத்தில் காலாவதியான பெட்டி ஏதாவது மூலையில் கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போகும் முன் கேட்டுப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, வெளிச்சத்தில் மட்டும் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள்.