மாயக்காரி யார்?

(முசிறிக் கூட்டத்தில் பேசியது)



மேடைக்கு வந்ததும் ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்தார். "பெண்ணுரிமை என்கிறீர்களே, ஆணைக் கெடுப்பவள் பெண்தானே? ஹரிதாஸ் படம் பார்த்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். பார்த்திருக்கிறேன். வேறு சங்கதி பேசத்தான் வந்தேன். அது கிடக்கட்டும், இதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

1944ம் வருஷத் தீபாவளிக்கு வந்த படம் அது. சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது. நம் திருச்சியில் வளர்ந்த தியாகராஜ பாகவதர் ஹரிதாஸ், டி. ஆர். ராஜகுமாரி தாசி ரம்பை. பணக்காரப் பிள்ளை, கட்டின பெண்சாதி இருக்கத் தாசியே கதியென்று கிடக்கிறான், பெற்றவர்களைத் துரத்துகிறான், சொத்தை இழக்கிறான். கடைசியில் தாய் தகப்பனுக்குத் தொண்டு செய்து கடவுள் தரிசனமும் பெற்றுவிடுகிறான். பெற்றவர்களை வெளியே தள்ளிய கை யாருடைய கை? கொட்டகையை விட்டு வருகிறவனோ "தாசி கெடுத்தாள்" என்கிறான். கெட்டவன் பக்தனாகிவிட்டான், பழி மாத்திரம் அவள் பேரில் தங்கிவிட்டது.

பேரைப் பாருங்கள், ரம்பை! தேவலோகத்து ரம்பையும் மேனகையும் யாரிடம் சேவகம்? இந்திரனிடம். தவத்தைக் கெடுத்து வா என்று மேனகையை அனுப்பியவன் அவன். கெட்டவன் விசுவாமித்திரன். பழி மேனகைக்கு! அசுரர்களை ஏமாற்றி அமிர்தத்தைப் பறிக்க மோகினி வேஷம் போட்டவரோ விஷ்ணு. அதற்கு ஸ்ரீரங்கத்தில் பகல்பத்துப் பத்தாம் நாள் மோகினி அலங்காரம், உற்சவம். ஆண் கடவுள் மயக்கினால் கும்பிடு, பெண் மயக்கினால் வசவு. நல்ல நியாயம்!

மேல்நாட்டிலும் இந்தப் புத்தி உண்டு. அதே 1944ல் அமெரிக்காவில் 'டபிள் இன்டெம்னிட்டி' என்று ஒரு படம் வந்தது. ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியை விட்டு வந்த பில்லி வைல்டர் எடுத்தது. ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜண்டும் ஒருவனின் மனைவியும் காதல் கொண்டு, அவள் புருஷனைக் கொன்று, ரயிலிலிருந்து விழுந்து செத்ததாகக் காட்டுகிறார்கள். ரயில் விபத்துக்கு இரட்டைத் தொகையாம். அவளாக நடித்தவர் பார்பரா ஸ்டான்விக். அவள் யோக்கியமானவள் என்று வாதாட நான் வரவில்லை, கொலைகாரிதான். ஆனால் கதையைச் சொல்கிறவன் யார்? அந்த ஏஜண்டு. குண்டடிபட்டு ஆபீசுக்கு வந்து, பேச்சைப் பதியும் மிஷினிடம் சொல்லுகிறான். கம்பெனியை ஏமாற்றும் வழியை அவளைக் காணுமுன்பே யோசித்து வைத்திருந்ததாக அவனே ஒப்புக் கொள்ளுகிறான். அவள் வந்தது அதற்கொரு சாக்கு! அவள் தரப்புச் சாட்சியம் எங்கே? அவளைச் சுட்டுவிட்டல்லவா வந்து பேசுகிறான்!

அங்கே அவள் தனி ஆள். இங்கே சின்னப் பெண்ணுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டி, ஊர்ப் பெரிய மனிதனுக்கு ஒப்படைத்து, பிறகு அவளையே மாயக்காரி என்றார்கள். 1927ல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டசபையில் இதை ஒழிக்கச் சொன்னபோது, சாஸ்திரம் போச்சு, கலை போச்சு என்று எதிர்த்தார்கள். சட்டம் வர 1947 ஆயிற்று. இருபது வருஷம்! அதற்குள் எத்தனை குழந்தைகள் கழுத்தில் பொட்டு ஏறியிருக்கும்?

தாசி வீட்டில் வளர்ந்து, அதை உதறி வந்து நம் இயக்கத்தில் பாடுபட்டவர் மூவலூர் இராமாமிர்தத்தம்மையார். 1936ல் ஒரு நாவல் எழுதினார். பேர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தலைப்பிலேயே மைனரையும் இழுத்துவிட்டார், பார்த்தீர்களா? சீட்டு எழுதின தோழர் ஹரிதாஸை மூன்று தரம் பார்த்திருப்பார். இதை ஒரு தரம் வாசிக்கட்டும். புஸ்தகம் என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிக் கொள்ளலாம். திருப்பித் தர வேண்டும்.