தங்கவயலின் இறுதி மூச்சுக்கு நிதிப் பொறுப்பு யாருடையது?

(கோலார் தங்கவயலில் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)



1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்பதித்தது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை, இந்த மண்ணிலிருந்து 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் வெளியேறியது. தங்கம் மேலே வந்தது. பாறைத்தூள் தொழிலாளியின் நுரையீரலில் தங்கியது. 1940-க்கும் 1946-க்கும் இடையில் 7,653 தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் நோய் இருப்பது வெளிப்பட்டது. பூமிக்கடியில் இறங்கியோரில் பெரும்பான்மையினர் வட ஆர்க்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தலித் மக்கள்.

சிலிக்கோசிஸைக் குணமாக்கும் மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் முற்றிக்கொண்டே போகும். காசநோயும் எளிதில் சேர்ந்துகொள்ளும். சுரங்கத்தைப் பூட்டலாம், நோயைப் பூட்ட முடியாது. இத்தகைய நோயாளிக்கு வேண்டுவது பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சை: மாதந்தோறும் வீடு தேடி வரும் செவிலியர், ஆக்சிஜன் கருவி, அது இயங்குவதற்கான மின்சாரச் செலவு, மூச்சுத்திணறலைத் தணிக்கும் மார்ஃபின், பகலிரவாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு ஓர் ஆதரவு. இவற்றுள் எதுவும் அரிய தொழில்நுட்பம் அன்று. இல்லாதது நிலையான நிதி மட்டுமே.

சட்டமும் கொள்கையும் காகிதத்தில் உண்டு. 2012-இல் தேசிய நோய்த்தணிப்புச் சிகிச்சைத் திட்டம் வந்தது. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் பெறுவதற்கான உரிம நடைமுறை எளிதாக்கப்பட்டது. 2016-இல் கர்நாடக அரசும் தன் கொள்கையை வெளியிட்டது. ஆனால் பணம் எங்கிருந்து வரும்? ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தவரின் செலவைத்தான் ஏற்கிறது. லைன் வீட்டில், தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி மூச்சுக்குப் போராடுபவருக்கு அந்த அட்டையால் என்ன பயன்?

பெங்களூரில் கருணாஷ்ரயா போன்ற இல்லங்கள் இறுதிக்காலப் புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பராமரிக்கின்றன. அந்தத் தொண்டு போற்றுதற்குரியது. ஆயினும் நன்கொடை குறைந்தால் படுக்கையும் குறையும். கம்பெனியின் லாபம் சரிந்தால் சமூகப் பொறுப்பு நிதியும் சரியும். உரிமை என்பது கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கலாகாது.

வேறு வழி உண்டு என்பதைக் கேரளம் காட்டியது. 2008-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இதற்கெனக் கொள்கை வகுத்த அம்மாநிலம், வீட்டுப் பராமரிப்பை ஊராட்சிகளின் பொறுப்பில் வைத்தது. ஊராட்சியின் திட்ட நிதியில் செவிலியர் வருகிறார். தன்னார்வலர்கள் துணை நிற்கிறார்கள். அடுத்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இச்சிகிச்சை வீட்டிற்கே செல்கிறது. ராஜஸ்தான் 2019-இல் அறிவித்த கொள்கைப்படி, சிலிக்கோசிஸ் உறுதியானால் 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும், ஓய்வூதியமும் உண்டு.

தங்கவயலுக்கு ஏன் இல்லை? 2015 சட்டத்திருத்தத்தின்படி, குத்தகைக்காரர்கள் செலுத்தும் தொகையில் மாவட்டக் கனிம அறக்கட்டளை நடக்கிறது. அந்த நிதியில் சுகாதாரத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் ஓடும் சுரங்கம்தான் பணம் கட்டும். 2001-இல் மூடிய சுரங்கம் கட்டாது. நோயை விட்டுச்சென்ற சுரங்கம் நிதியை விட்டுச்செல்லவில்லை. இங்கே கடைசி முதலாளி வெள்ளைக்காரன் அல்லன். 1962 முதல் சுரங்கம் ஒன்றிய அரசின் கையில் இருந்தது. ஆகவே இது கருணை பற்றிய கேள்வி அன்று. முதலாளியின் தீராத கடன் பற்றிய கேள்வி.

கடனைத் தீர்க்கும் தருணமும் வந்திருக்கிறது. சுமார் 1,003 ஏக்கரில் பரந்துள்ள 13 சயனைடு மண்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. அந்த மண் தொழிலாளி வெட்டி எடுத்த மண். அதிலிருந்து வரும் வருவாயில் முதல் பங்கு அவருடைய நுரையீரலுக்குச் சேர வேண்டும்.

இடமில்லை என்ற சாக்கும் செல்லாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூடிக்கிடந்த சுரங்க மருத்துவமனை, 2021 பெருந்தொற்றின்போது சில வாரங்களில் சீரமைக்கப்பட்டுப் படுக்கைகளுடன் தயாரானது. மனமிருந்தபோது கட்டடம் எழுந்து நின்றது.

கோரிக்கைகள் நான்கு. முன்னாள் தொழிலாளர் அனைவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, இலவச நுரையீரல் பரிசோதனையும் சான்றிதழும் வேண்டும். மண்மேட்டு வருவாயில் சட்டப்படி ஒதுக்கப்பட்ட, பிற செலவுகளுக்கு மாற்ற முடியாத நிதியம் வேண்டும். வார்டுதோறும் வீட்டுப் பராமரிப்புச் செவிலியர், ஒப்பந்தக் கூலியில் அல்லாமல் நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட வேண்டும். தாலுக்கா மருத்துவமனையில் மார்ஃபின் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

2001-இல் வேலை இழந்தவர்களில் பலர் இன்று முதியவர்கள். ஏலமும் டெண்டரும் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அரசு சொல்லலாம். அவர்களால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது. மண்மேட்டில் முதல் இயந்திரம் இறங்குமுன் இந்த நிதியம் எழுத்தில் வர வேண்டும். அதற்கான போராட்டத்தில் தங்கவயலின் ஒவ்வொரு லைனும் திரள வேண்டும்.